மூன்று கண் கீரி

தலைமை ஓவியர் என்ற பட்டம் அவளுக்கு ஒரு பொய்கூடச் சொல்லாமல்தான் வந்து சேர்ந்தது.

விளையாட்டு அட்டைக் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது அவள் கண்ணாடிக் கடையில் ஒரு வக்கீலின் மூக்குக்குத் தகுந்தபடி ஃபிரேமை வளைத்துக்கொண்டிருந்தாள். ரயில் நிலையத்துக் கீரியைப் பற்றி ஒரு கார்ட்டூன் படம் வந்ததே, அதில் கீரியை வரைந்தது நீங்களா மேடம் என்று கேட்டார்கள். ஆமாம், வரைந்திருக்கிறேன் என்றாள். சத்தியமான உண்மை. ஆயிரத்துச் சொச்சம் தடவை வரைந்திருக்கிறாள். அதே கூடத்தில் இன்னும் அறுபது பேர் மேசை போட்டு வரிசையாக உட்கார்ந்து அதே கீரியை வரைந்துகொண்டிருந்தார்கள் என்பதை அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவள் என்ன வானொலியா?

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. ரசிகர்கள் கார்ட்டூன் படங்களைப் பார்த்துத் தாங்களே வடிவமைத்து அனுப்பிய விளையாட்டு அட்டைகளில் சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்க மூன்று நடுவர்கள். அந்த ஐந்தும் கம்பெனியின் அடுத்த சீட்டுக்கட்டில் அச்சாகும். மூன்றாவது நடுவர், ‘படத்தின் தலைமை ஓவியர்’. கீழே அவள் பெயர்.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். உயரத்துக்குப் போகிற எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது அவன் தொழில் புத்தி. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அன்றிலிருந்து அவளைப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான். தலைமை ஓவியரே, குப்பை வண்டி வந்து நிக்குது. தலைமை ஓவியரே, என் நீலச் சட்டையைப் பார்த்தீங்களா. அவள் சிரிக்கவில்லை. அவன் கவனிக்காத ஒரு வரி கடிதத்தின் கடைசியில் இருந்தது. போட்டி முடிந்ததும் கம்பெனிக்கு ஒரு நிரந்தரக் கலை ஆலோசகரை நியமிக்கப் போகிறோம், அதைப் பற்றியும் தங்களிடம் பேச விரும்புகிறோம். அவள் வேலை பார்த்த கார்ட்டூன் ஸ்டூடியோவை இழுத்து மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. அடியில் விளக்கு எரியும் அவளுடைய வரைமேசையின் மேல் இப்போது லிஃப்டுக் கதவின் உருளைகளும் எண்ணெய்த் துணியும் கிடந்தன. அந்த ஒரு வரியைப் படித்த அன்றைக்கே அவள் மேசையைத் துடைத்து வைத்துவிட்டாள்.

அவள் செய்த வேலை இன்னதென்று சொல்லிவிடுவது நல்லது. கார்ட்டூன் படத்தில் பெரிய ஓவியர்கள் ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைவார்கள். கீரி இடது பக்கம் பார்க்கிறது, ஒரு படம். கீரி வலது பக்கம் ஓடுகிறது, இன்னொரு படம். இதற்குப் பெயர் கீ படம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்கு நடுவில் என்னென்ன நடக்க வேண்டுமோ அதை வரைகிறவர்கள் வேறு. அதற்குப் பெயர் இடைப்படம். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படம் ஓடும். பார்க்கிறவர் கண்ணுக்குக் கீரி ஓடும், இடைப்படம் தெரியாது. தெரிந்தால் வேலை சரியில்லை என்று அர்த்தம். அவள் வரைந்து வரைந்து அழித்ததில் ஸ்டூடியோவில் வைத்த பெயர் ரப்பர். படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போது ஐம்பத்து மூன்றாவதாக வருவாள். அதற்குள் தியேட்டரில் விளக்குப் போட்டு ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

உண்மையான தலைமை ஓவியர் எப்போதோ தொழிலை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கப் போய்விட்டார். போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தப் பட்டம் ஆளில்லாமல் அலைந்து அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனிக்குப் போனாள். கீழ்த்தளம் முழுக்கக் கிடங்கு. மையும் புது அட்டையும் கலந்த வாசனை. வாசலிலேயே கதவு அளவுக்கு ஒரு பேனர். அதில் அவள் புகைப்படம், பட்டத்தோடு. அதைக் கடக்கும்போது, கடன்காரனைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாடியில் நீளமான மேசை, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி, சுவரில் பெரிய பலகை. வந்த அட்டைகளையெல்லாம் காலண்டர் அளவுக்குப் பெரிதாக்கி அச்சடித்து வைத்திருந்தார்கள். நடுவர்களுக்குக் கண் வலிக்கக் கூடாதாம். உள்ளங்கையில் அடங்க வேண்டிய பொருளைச் சுவரில் மாட்டும் அளவுக்கு ஊதிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் உள்ள விநோதம் அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கும்தான்.

தலைமை நடுவர் ஒரு கலை விமர்சகர். கழுத்தில் சங்கிலியில் பூதக்கண்ணாடி. டீ வேண்டுமென்றால்கூட அச்சில் ஏற்றத் தகுந்த வாக்கியமாகக் கேட்பார். தொடக்கமாக ஒரு கட்டுரை வாசித்தார்: செவ்வகத்தின் மெய்யியல். செவ்வகத்துக்கு நான்கு பக்கங்கள் உண்டு என்பதில் தொடங்கி, இருபது நிமிஷம் சுற்றிவிட்டு, பத்திரமாக அதிலேயே வந்து முடித்தார். இரண்டாவது நடுவர் கம்பெனி முதலாளி. கட்டுரை நடந்தபோது போனில் ஏதோ சரக்கு லாரியைத் தேடிக்கொண்டிருந்தவர், நல்ல இடத்தில் தலையாட்டினார்.

படங்களைப் பலகையில் குத்துவதும் எடுப்பதும் பார்சல் அக்கா. இருபது வருஷமாகக் கம்பெனியில் சீட்டுக்கட்டுகளைப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறவர். அவர் ஒரு தடவை ‘ம்’ என்றால் நல்ல அட்டை, இரண்டு தடவை ‘ம்ம்’ என்றால் குப்பை. யாரும் அவரைக் கேட்கவில்லை.

வந்தவை நானூற்றுப் பன்னிரண்டு. அதில் கிட்டத்தட்டப் பாதி ஒரே படம்: தொலைந்த பெட்டியின் மேல் கீரி இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்தப் போஸ்டர் நிலை. பொன் முலாம் பூசிய கீரி, நெருப்புக் கக்கும் கீரி, இறக்கை முளைத்த கீரி, எல்லாம் இடுப்பில் கைவைத்துத்தான். முதலாளிக்கு அலுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து, இது நல்லா போகும் என்றார். விமர்சகர் ஒவ்வொன்றிலும் ஒரு மௌனத்தைக் கண்டுபிடித்தார்.

ரப்பர் முதல் அரைமணி நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு மெல்லத் தாடைக்குக் கைகொடுத்துப் பார்த்தாள். விமர்சகரைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். தலையைச் சாய்த்தாள். ஒரு பச்சை வாத்தைப் பார்த்து, இதுல ஒரு தயக்கம் இருக்கு என்றாள். விமர்சகர் மதிப்போடு திரும்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். வாயால் பொய் சொல்லாதவள் தாடையால் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அது இவ்வளவு சுலபமாக வருவதில் அவளுக்கே கொஞ்சம் பயம். நடுவில் முதலாளி, சாயங்காலம் அந்த ஆலோசகர் விஷயத்தை முடிச்சிடலாம் மேடம், நாங்க ஏறக்குறைய முடிவு பண்ணிட்டோம் என்று சொன்னபோது பயமும் போய்விட்டது.

இருநூற்று அறுபத்தாறாம் அட்டை பலகையில் ஏறியது.

கீரிதான். ஆனால் பெட்டி இல்லை, இடுப்பில் கை இல்லை. உடம்பு ஈரத்துணியை முறுக்கியதுபோல் இடமிருந்து வலமாக நீண்டு கிடந்தது. முகத்தில் மூன்று கண்கள். முன்கால் ஒன்றில் ஏழு விரல்கள். விசிறி பாதி விரிந்த மாதிரி.

அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். சொந்தக் கையெழுத்தை யாரோ வேறு பேனாவால் எழுதிக் காட்டியதுபோல் இருந்தது. நடைமேடையில் விசில் ஊதுகிறது, கீரி சட்டென்று திரும்பி ஓடுகிறது. முதல் கீ இடது பக்கம், இரண்டாவது கீ வலது பக்கம். நடுவில ஏதாவது இழுத்து விடும்மா என்று மேற்பார்வைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். இழுத்து விடுவது என்றால், வேகமான அசைவில் உருவத்தையே இழுத்து, பழைய இடமும் புது இடமும் ஒரே படத்தில் தெரியும்படி வரைவது. கண்ணுக்கு அது படமாகத் தெரியாது, வேகமாகத் தெரியும். இடது பக்கம் பார்த்த கண்கள் இன்னும் போய்த் தொலையவில்லை, வலது பக்கத்துக் கண் அதற்குள் வந்துவிட்டது. அதனால் மூன்று. ஒரு மத்தியானம் முழுக்க ஆறு தடவை அழித்து வரைந்தாள். திரையில் அதன் ஆயுள் விநாடியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. அவள் கணவன் படத்தை ஒன்பது தடவை பார்த்திருக்கிறான். ஒன்பது தடவையும் சரியாக அந்த நேரத்தில் கண் சிமிட்டியிருக்கிறான்.

விமர்சகர் எழுந்துபோய்ப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். காலண்டர் அளவுக்கு ஊதிய படத்துக்குப் பூதக்கண்ணாடி.

“மூன்று கண்கள், ஏழு விரல்கள். உடற்கூறு அறியாத கை. இதை அனுப்பியவர் படத்தைப் பார்த்தாரா என்பதே ஐயம்.”

முதலாளி சிரித்தார். “நீங்க சொல்லுங்க மேடம். உங்க கீரியாச்சே.”

அவள் தாடையிலிருந்து கையை எடுத்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கீழே கிடங்கில் யாரோ டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

“வித்தியாசமா இருக்கு” என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம் என்பதால் விமர்சகர் தன் பக்கம் பண்ணிக்கொண்டார். பார்சல் அக்கா படத்தை எடுத்து, மேசைக்கு அடியில் இருந்த தள்ளுபடிப் பெட்டியில் போட்டார். அடுத்தது ஒரு பாடும் கத்தரிக்கோல்.

மத்தியானம் சாப்பிட எல்லாரும் கீழே போனார்கள். ரப்பர் பசியில்லை என்று சொல்லி அங்கேயே இருந்தாள். ஐந்து நிமிஷம் நாற்காலியில் கௌரவமாக உட்கார்ந்து பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் மண்டியிட்டு, தள்ளுபடிப் பெட்டிக்குள் தலையை விட்டாள். தலைமை ஓவியர்கள் சாதாரணமாக இந்த நிலையில் காணப்படுவதில்லை. பார்சல் அக்கா தண்ணீர்ப் பாட்டிலை மறந்துவிட்டு எடுக்க வந்தவர், அப்படித்தான் பார்த்தார்.

“என்னம்மா, கம்மல் விழுந்துடுச்சா?”

இல்லை என்று தலையை இழுத்தவள் மேசையில் இடித்துக்கொண்டாள். கையில் இருநூற்று அறுபத்தாறு. பின்னால் அனுப்பியவரின் படிவம் நூலில் கட்டித் தொங்கியது. காலையிலிருந்து ஒரு படிவத்தையும் யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். மேலே அட்டையின் விளையாட்டு விதி: ‘பலம் பூஜ்யம். வரிசையின் முதலிலோ கடைசியிலோ வைக்க முடியாது. இரண்டு அட்டைகளுக்கு நடுவில் மட்டும் வைக்கலாம். வைத்தால் இரு பக்கத்து அட்டைகளின் பலமும் இரட்டிப்பாகும். சுற்று முடிந்ததும் இந்த அட்டை ஆட்டத்தை விட்டுப் போய்விடும்.’ கீழே, ஏன் இந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்விக்கு: ‘படத்தை ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தபோது இது அகப்பட்டது. முழுப் படத்திலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். யார் வரைந்தது என்று எங்கும் போடவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் நன்றி உடையவளாக இருப்பேன்.’

ரப்பர் மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பார்சல் அக்காவின் கண் விதியை விட்டு நகரவில்லை. கீழே சாப்பாட்டு நேரத்தில் கட்டுகிற பெண்களெல்லாம் இதே சீட்டுத்தான் ஆடுவார்கள். சேதமான கட்டுகளை முதலாளி கணக்கில் எடுப்பதில்லை. அக்கா விரலை மடக்கினார். ஆறுக்கும் நாலுக்கும் நடுவில் செருகினால் பன்னிரண்டும் எட்டும். அதுவே ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் செருகினால் தண்டம். எங்கே, எப்போது வைப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. இருபது வருஷத்தில் இப்படி ஓர் அட்டை வந்ததில்லை என்றார். ‘ம்’ என்று ஒருமுறை சொன்னார்.

“இவங்க கேக்கறது யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் என்ன, சொல்லிட வேண்டியதுதானே.”

ரப்பர் சொன்னாள். யாரென்றும் சொன்னாள், ஏன் சொல்ல முடியாதென்றும் சொன்னாள். வரைஞ்சது நான்னு சொன்னா நான் நடுவுல வரையறவள்னு தெரிஞ்சிடும் அக்கா, இந்த வேலை போயிடும், பதினொரு வருஷம் கழிச்சு வந்திருக்கு என்றாள். அக்கா யோசித்தார். வேலை உன்னுது, அதுல நான் என்னத்தைச் சொல்ல என்றார். ஆனால் ஆட லாயக்கான அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு ராத்திரி தூங்க என்னால் முடியாது என்று சொல்லி, படத்தைக் கொண்டுபோய்ப் பலகையின் நட்டநடுவில் குத்திவிட்டு, தண்ணீர்ப் பாட்டிலோடு கீழே போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்த விமர்சகர் பலகையைப் பார்த்ததும் நின்றார். தள்ளுபடியானது எவ்வாறு மீண்டது என்று கேட்டார். படிவத்தையும் படிச்சுட்டுத்தான் தள்ளணும்னு விதியில போட்டிருக்கு சார், நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க என்றார் பார்சல் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. தன் கையெழுத்துக்கு மரியாதை செய்வதில் விமர்சகர் ஒருநாளும் தவறியதில்லை. படிவத்தை எடுத்தார். விளையாட்டு விதியைத் தாண்டிப் போனார், அது அவருக்குப் பஞ்சாங்கம் மாதிரி. கடைசிப் பகுதியை மட்டும் மேடையில் வாசிப்பதுபோல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“யார் வரைந்ததென்று தெரிய வேண்டுமாம்” என்றார் விமர்சகர். “இப்பிழைக்கு உரிமை கோரி யார்தான் முன்வருவார்?”

“நான்தான் சார் வரைஞ்சேன்” என்றாள் ரப்பர்.

அவள் அதைச் சொல்ல வேண்டுமென்று முடிவெடுத்துச் சொல்லவில்லை. பிழை என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. பத்து வருஷத்துக்கு மேலாக யார் என்ன சொன்னாலும் மூக்குக்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்தவள்தான். ஆனால் அந்த ஏழு விரலையும் பிழை என்று சொல்ல விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை.

விமர்சகர் புரியாமல் பார்த்தார். அவள் கைக்கு அகப்பட்ட காகிதத்தை எடுத்தாள்; செவ்வகத்தின் மெய்யியல், மூன்று பிரதிகள். அதைத் திருப்பிப் போட்டு வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் வரைந்தாள். இடது பக்கம் பார்க்கும் கீரி. அடுத்த தாளில் மூன்று கண். அடுத்ததில் வலது பக்கம் ஓடும் கீரி. மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, விரல் இடுக்கில் பிடித்து விசிறினாள். கீரி திரும்பி ஓடியது. நடுத்தாளை உருவிவிட்டு மறுபடி விசிறினாள். கீரி ஓடவில்லை, இங்கே இருந்தது, அப்புறம் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

விமர்சகர் இன்னொரு முறை காட்டச் சொன்னார். பிறகு தானே வாங்கி விசிறிப் பார்த்தார். தாள்கள் கீழே விழுந்தன. குனிந்து பொறுக்கி மறுபடி விசிறினார்.

முதலாளிக்கு வேறு கவலை. “அப்ப, அந்தப் பொட்டி மேல நிக்கற கீரி?”

“அது நான் இல்லை சார். நான் நடுவுல.”

“எவ்வளவு நடுவுல?”

“ஆயிரத்துச் சொச்சம் இடத்துல.”

போனில் வரைந்ததாகச் சொன்னீர்களே என்றார். வரைந்ததைத்தான் சொன்னேன், மற்றதைச் சொல்லாமல் விட்டேன், அது என் தப்பு என்றாள். முதலாளி ஜன்னல் வழியாகக் கீழே பேனர் இருந்த திசையைப் பார்த்தார். கதவு அளவுக்குச் செலவு பண்ணியாகிவிட்டது.

அதற்குள் விமர்சகர் சுதாரித்துக்கொண்டார். இது பிழை அல்ல, ஏற்கிறேன். ஆயின் படத்தில் உள்ளதென்றால் இது நகல். நகலுக்கு அசல் தன்மையில் மதிப்பெண் இல்லை. ஆகவே பிழையாயினும் தள்ளுபடி, சரியாயினும் தள்ளுபடி. தன் தர்க்கத்தின் அழகில் தானே மயங்கி ஒரு விநாடி கண்ணை மூடினார்.

“படத்தை மட்டும் பாத்தா எப்படி சார், அட்டைன்னா ஆடிப் பாக்கணும்ல” என்றார் பார்சல் அக்கா.

அப்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. விமர்சகர் இந்தச் சீட்டை ஆடியதே இல்லை. ரப்பரும் இல்லை. முதலாளியைப் பார்த்தார்கள். நான் விக்கறவன், ஆடறவன் இல்லை என்றார். நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளுக்குக் காலையிலிருந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கும் அட்டை எதற்கு என்பது தெரியாது. பார்சல் அக்கா ஏப்ரன் பையிலிருந்து ஓரம் மழுங்கிய ஒரு சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். இருநூற்று அறுபத்தாறை அட்டை அளவுக்கு அச்சடித்த மூலமும் படிவத்தோடு இருந்தது. அந்த அளவில் ஏழு விரலை எண்ண முடியவில்லை. கீரி பறப்பது மட்டும் தெரிந்தது.

விமர்சகர் ஆராய்ச்சி நோக்கில் ஒரே ஓர் ஆட்டம் என்று சொல்லி அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். ஐந்து ஐந்து அட்டையாக வரிசை வைக்க வேண்டும், கூட்டுத்தொகை பெரியது ஜெயிக்கும். முதல் ஆட்டம் நான்கு நிமிஷத்தில் தோற்றார். விதிகள் தெளிவாக எடுத்துரைக்கப்படவில்லை என்றார். இரண்டாவதும் தோற்றார். பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சட்டைக் கையை மடக்கினார். மூன்றாவது ஆட்டத்தில் அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார். விமர்சகர் கையில் அந்த மூன்று கண் கீரி. இரண்டு சுற்று அதை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். உதட்டைக் கடித்தார். கடைசிச் சுற்றில் ஒன்பதுக்கும் ஏழுக்கும் நடுவில் கொண்டுபோய்ச் செருகினார்.

“வெச்சேன் பாத்தியா, நடுவுல வெச்சேன் பாத்தியாக்கா, எப்படி” என்றார்.

முப்பது வருஷமாக அவர் வாயிலிருந்து அப்படி ஒரு தமிழ் வெளியே வந்ததில்லை. தனக்கே கேட்டுவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் மதிப்பெண் தாளை எடுத்து, அசல் தன்மை என்ற கட்டத்தில் போட்டிருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார். பத்துக் கொடுத்தால் கொள்கை கெட்டுவிடும்.

ரப்பர் தன் தாளில் அந்த அட்டைக்கு நேரே எதுவும் எழுதவில்லை. என் கைவேலைக்கு நானே மார்க் போடக் கூடாது என்றாள். முதலாளி கடுப்பில் இருந்தார். வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யமாகக் கணக்குப் பண்ணிவிடலாம் என்று பார்த்தார். பண்ணினால் அட்டை முதல் ஐந்தில் வராது. விமர்சகர் எழுந்து நின்றார். மதிப்பிடாதது வேறு, மதிப்பில்லாதது வேறு என்று ஆரம்பித்துக் கால்மணி நேரம் பேசினார். அன்று முழுக்க அவர் பேசியதில் உபயோகமான பேச்சு அது ஒன்றுதான், அதையும் நீட்டித்தான் பேசினார். முதலாளி தாங்க மாட்டாமல் ஒத்துக்கொண்டார். முதல் பரிசு பொன் முலாம் பூசிய கீரிக்கு, இடுப்பில் கையோடு. மூன்றாவது பரிசு இருநூற்று அறுபத்தாறுக்கு. கட்டில் அச்சாகும்.

சாயங்காலம் படிக்கட்டில் முதலாளி அவளை நிறுத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. ஆலோசகர் வேலைக்குத் தலைமை ஓவியர்னு சொன்னாத்தான் கடைக்காரங்க மதிப்பாங்க மேடம், நடுவுல வரைஞ்சவங்கன்னு போட்டா என்னன்னு கேப்பாங்க, உங்களுக்கே தெரியும் என்றார். தெரியும் என்றாள். வேற ஏதாவது இருந்தா கண்டிப்பாக் கூப்பிடறோம் என்றார். கூப்பிட மாட்டார் என்பது அவர் படி இறங்கிய வேகத்தில் தெரிந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிக் கடையில் ஷட்டரைத் தூக்க வேண்டும். இரண்டு படி கீழே போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

ஜெயித்தவர்களுக்கு நடுவர்கள் போன் பண்ணிச் சொல்வது வழக்கமாம். மூன்றாவது பரிசுக்காரருக்கு நீயே சொல்லு என்று பார்சல் அக்கா எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். கிடங்கில் அடுக்கியிருந்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள்.

எடுத்தது ஒரு பெண். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பின்னால் ஏதோ யந்திரம் ரீங்காரமிட்டது. பரிசு என்றதும் நன்றி சொன்னாள், பெரிதாகத் துள்ளவில்லை. வரைந்தவர் யாரென்று தெரிந்ததா என்றுதான் முதலில் கேட்டாள். ரப்பர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, நான்தான் என்றாள்.

அழப்போகிறாளோ, பாராட்டப் போகிறாளோ என்று ரப்பர் காத்திருந்தாள். இரண்டுக்கும் என்ன பதில் சொல்வதென்று மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்” என்றாள் எக்ஸ்ரே பெண். “அதுக்கு அடுத்த படத்துல வால் இல்லீங்களே.”

“இருக்கும்.”

“இல்லைங்க. நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டேன். எலும்பு பாக்கறதே என் பொழப்பு. மூணு கண்ணு இருக்கு, வால் இருக்கு. அதுக்கு அடுத்ததுல வால் இல்லை. அதுக்கும் அடுத்ததுல திரும்ப வந்துடுது.”

ரப்பர் கண்ணை மூடி அந்த மத்தியானத்தைத் தேடிப் பார்த்தாள். பெட்டி மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலில் ஒரு தொழில்முறைக் கோபம் ஏறியது. அவளுக்கே அது வெகுநாள் கழித்துக் கேட்கும் குரல்.

“அது என்னோடது இல்லைங்க. பக்கத்து மேசை. அவர் எப்பவும் சாப்பாட்டு மணிக்கு முன்னாடி அவசரத்துல எதையாவது விட்டுடுவார். ஒரு தடவை ரயிலுக்குச் சக்கரத்தையே விட்டுட்டார்.”

“அப்படியா, அவர் யாரு? அவர் பேரும் எங்கயும் காணோமே.”

“இருக்கு. கடைசில ஓடும், யாரும் பாக்க மாட்டாங்க” என்றாள் ரப்பர். “அவர் பக்கத்துல ஒரு அண்ணன், மழை வந்தா அவருதான். அதுக்கு அந்தப் பக்கம் அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, கூட்டத்துல நடக்கற ஆளுங்க பூரா அவங்க கை.” நிறுத்தினாள். மேசைகள் கண்ணில் வரிசையாக வந்து நின்றன.

“பக்கத்துல பேனா இருக்கா?” என்று கேட்டாள்.